விலை சொல்கிறவன் வாங்கக் கூடாது

(பொன்விழாச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

1975-இல் என்னோடு இதே வாசல் வழியாக வெளியேறி இன்று நரைத்த தலையோடு திரும்பி வந்திருக்கும் நண்பர்களே, பின்வரிசையில் 'இவர் எப்போ முடிப்பார், எப்போ இலை போடுவாங்க' என்று காத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், எல்லாரும் வெற்றியின் ரகசியம்னே பேசுறாங்க. நீங்களாவது வேற ஏதாவது பேசுங்க" என்றார். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, முப்பது வருஷம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இன்ஸ்பெக்‌ஷன் இன்ஜினியராக இருந்து அளவு பார்த்தது. இன்னொன்று, பழைய ரிவால்வர் சேர்ப்பது. இரண்டாவதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "சார், எதையும் கையில கொண்டு வரமாட்டீங்களே?" என்றார். "இல்லைங்க, வாயால மட்டும்தான் சுடுவேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

கொண்டு வரவும் முடியாது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொடக்கூட முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் இரண்டு ஆயுதங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. நான் சொல்லப் போவது எல்லாம் அமெரிக்காவில் நடந்தது. அங்கே நிரந்தரக் குடியுரிமை அட்டை வந்த பிறகு, 1986-இல்தான் முதல் ரிவால்வர் வாங்கினேன்.

என்னை இதில் இழுத்து விட்டவர் எங்கள் தொழிற்சாலையின் சீனியர் டூல்மேக்கர். என்னைவிட இருபது வயது பெரியவர். சனிக்கிழமை தோறும் சுடுதளத்துக்குப் போவார். ஒரு நாள் என்னையும் கூட்டிப் போனார். எனக்குச் சுடுவதில் பெரிய ஆர்வம் வரவில்லை. ஆனால் அவர் ரிவால்வரின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினாரே, அதில் விழுந்தவன்தான். நம் ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் பண்ணிக் கை காய்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும். ஒவ்வொரு பாகமும் கையால் ராவிப் பொருத்தியது. தகடு எங்கே முடிகிறது, ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று நகத்தால் தடவினாலும் தெரியாது.

நான் சேர்ப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் பெரிய ஃபிரேம் ரிவால்வர்கள். ஃபிரேமின் அளவை அவர்கள் எழுத்தால் குறிப்பார்கள். ஜே என்றால் சின்னது, கே என்றால் நடுத்தரம், என் என்றால் பெரியது. இந்த 'என்' ஃபிரேம் 1908-இல் வந்தது. ஆறு அங்குலக் குழல் வைத்ததைக் கையில் எடுத்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ இருக்கும். சினிமாவில் ஒற்றைக் கையில் சுழற்றுகிறார்களே, அப்படிச் சுழற்றினால் மணிக்கட்டு போய்விடும்.

முதலில் வந்த மாடலுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'டிரிபிள் லாக்'. தோட்டா உருளை பின்னால் ஒரு இடத்தில் பூட்டிக்கொள்ளும், முன்னால் ஒரு இடத்தில் பூட்டிக்கொள்ளும். இதில் மூன்றாவதாக, உருளையைத் தாங்கும் கையிலும் ஒரு பூட்டு உண்டு. அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்று 1915-இல் அடுத்த மாடலில் அந்த மூன்றாம் பூட்டை எடுத்துவிட்டார்கள். செய்ததே பதினைந்தாயிரம் சொச்சம்தான்.

1935-இல் .357 மேக்னம் வந்தது. அந்தக் காலத்தில் 60 டாலர். அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் தவித்த வருஷம் அது. வாங்குகிறவர் சொல்கிறபடி ஒவ்வொன்றையும் தனியாகச் செய்தார்கள். குழல் நீளம் மூன்றரை அங்குலத்திலிருந்து எட்டே முக்கால் வரை கால் அங்குலக் கணக்கில் கேட்கலாம். உரிமையாளர் பெயரைப் பதிந்து சான்றிதழ் கொடுத்தார்கள். உருளையைத் திறந்தால் உள்ளே ஃபிரேமில் 'ரெஜ்' என்ற எழுத்துகளும் ஒரு பதிவு எண்ணும் இருக்கும். 'ரெஜிஸ்டர்டு மேக்னம்' என்று பெயர். முதலாவதை எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குக் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஐயாயிரத்து ஐந்நூறு செய்த பிறகு, முப்பதுகளின் முடிவில், கட்டுப்படியாகாமல் பதிவு முறையையே நிறுத்திவிட்டார்கள். இந்த 'ரெஜ்' என்ற மூன்று எழுத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

1957-இல் பெயருக்குப் பதில் எண் கொடுத்தார்கள். .357 மேக்னம் 27 ஆனது. அதே இயந்திரத்தைப் பளபளப்பு இல்லாமல், மலிவாக, நெடுஞ்சாலைப் போலீசுக்காக 1954-இலிருந்து செய்துவந்தார்கள். அது 28 ஆனது. .44 மேக்னம் 29. 1971-இல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் இந்த 29-ஐத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், கடையில் போட்ட விலைக்கு மேல் கொடுத்தும் ஆள் வாங்கினார்கள். உருக்கு ஒன்றுதான், சினிமா வந்தது, விலை ஏறியது. விலை எப்படிப்பட்ட பிராணி என்பதற்கு இது ஒன்றே போதும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அமெரிக்கப் போலீஸ் ரிவால்வரை விட்டுத் தானியங்கிப் பிஸ்டலுக்கு மாறியது. பழையவை மூட்டை மூட்டையாகக் கடைக்கு வந்தன. நான் முதலில் வாங்கியது அப்படி வந்த ஒரு 28-தான். இருநூறு டாலருக்குச் சற்று மேல். உறையில் இருந்து இருந்து குழல் முனையில் நீலப் பூச்சு தேய்ந்திருந்தது. உள்ளே மட்டும் புதுசு. போலீஸ்காரர்கள் நிறையச் சுமந்து குறைவாகச் சுடுகிறவர்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்து ஐம்பதுகளில் செய்த ஒன்று கிடைத்தது. எண் வருவதற்கு முந்தின, நல்ல .357. சுத்தியிலும் விசையிலும் பழுப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக நிறம் இருந்தது. நானோ ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் தேய்த்து வைக்கிற வீட்டில் பிறந்தவன். புளி போட்டுக் குத்துவிளக்கை விளக்குவதுபோல, பாலிஷ் போட்டு வெள்ளி மாதிரி மின்ன வைத்துவிட்டேன். திங்கள்கிழமை அந்த டூல்மேக்கரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது அழுக்கு இல்லைய்யா. உருக்கின் மேல் தோலைக் கடினமாக்கும்போது உலையில் வந்த நிறம். நூறு டாலரை நீயே துணியால் துடைச்சுட்டே."

முதல் பாடம் அது. பழைய பொருளின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை, மிச்சம் இருப்பதில் இருக்கிறது. தொழிற்சாலையில் போட்ட நீலப் பூச்சில் எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். தேய்ந்துபோன அசலுக்கு இருக்கும் மரியாதை, புதுப் பூச்சுப் போட்டதற்குக் கிடையாது. நல்ல எண்ணத்தோடு மறுபூச்சுப் போட்டுப் பாதி விலையை இழந்தவர்கள் உண்டு. நம் கோயில்களில் பழைய கல்வெட்டைச் சுத்தப்படுத்துகிறேன் என்று மணல் வீசித் தேய்த்தார்களே, அதே கதைதான்.

பழையதை எப்படிச் சோதிப்பது என்று மெக்கானிக்கல் மாணவர்கள் கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் உருளையைத் திறந்து, ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விற்கிறவர் உங்கள் கண் முன்னால் பார்த்திருந்தாலும் நீங்களும் பார்க்க வேண்டும். பிறகு சுத்தியை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தி கடைசி நிலைக்குப் போகும் முன்பே உருளை சுழன்று 'க்ளிக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஐந்து சரியாக இருந்து ஆறாவது ஏமாற்றும். சுத்தியை இழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல் கட்டைவிரலால் தள்ளினால் அது விழக் கூடாது. விழுந்தால் உள்ளே எவனோ கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

உருளைக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். நாலு தௌவிலிருந்து எட்டு தௌ வரை இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போகப் போகக் கவலை. பிறகு குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நடுவில் கறுப்பு வளையம் தெரிந்தால் எப்போதோ குழல் உப்பியிருக்கிறது, வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். திருகாணிகளின் தலையைப் பாருங்கள். சரியில்லாத ஸ்குரூடிரைவர் போட்டுக் கடித்திருந்தால், உள்ளேயும் அதே கைதான் போயிருக்கும்.

கடைசியாக எண்கள். பழைய துப்பாக்கியில் கைப்பிடியின் அடியில் இருக்கும் வரிசை எண்ணே உருளையின் பின்புறத்திலும், குழலின் அடியிலும், மரக் கைப்பிடியின் உட்புறத்திலும் இருக்க வேண்டும். அடியில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் குத்தியிருந்தால், அது ஒரு தடவை தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் வந்திருக்கிறது. 1982 வாக்கில் வரை குழலை ஃபிரேமோடு ஒரு ஊசி போட்டுப் பிணைத்தார்கள். அந்த ஊசிக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு.

இத்தனையும் பார்த்த பிறகு கிடைப்பது நிலைமை. விலை வேறு. 27-க்கும் 28-க்கும் உள்ளே ஒரே வேலை, மெருகில் மட்டும்தான் வித்தியாசம், ஆனால் விலையில் பெரிய இடைவெளி. விலை தெரிய வேண்டுமானால் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். நான் என் பழைய பேனாவுக்கு லட்ச ரூபாய் கேட்கலாம், யார் கொடுப்பார்கள்? ஏலத்தில் பணம் கைமாறின விலைதான் விலை.

நண்பர்களே, இதுவரை சொன்னது கைத்திறன். இனிமேல் சொல்லப் போவதற்காகத்தான் பாஸ்டனிலிருந்து விமானம் ஏறி வந்தேன்.

1994-இல் ஒரு துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பெரிய மைதானக் கொட்டகை, நூற்றுக்கணக்கான மேஜைகள். நடைபாதையில் ஒருவர், என் வயதுதான் இருக்கும், துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு நின்றார். பிரித்துக் காட்டினார். பெரிய ஃபிரேம், .44. உருளையைத் திறந்தேன். மூன்றாவது பூட்டு! டிரிபிள் லாக். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முகத்தில் எதுவும் காட்டவில்லை. "எவ்வளவு?" என்றேன். முந்நூற்று ஐம்பது என்றார். அதைப் போல மூன்று மடங்கு தாராளமாகப் போகும் என்று எனக்குத் தெரியும். அப்படியும் பேரம் பேசினேன். நம்ம ஊர்ப் பழக்கம் போகுமா? முந்நூறுக்கு இறக்கினேன்.

பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அவர், "மனைவிக்கு ஆஸ்பத்திரிச் செலவு, அதான் தாத்தா சாமானை விற்கிறேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டார். "உங்களுக்கு இதெல்லாம் தெரியும்போல இருக்கே. நல்ல விலைதானே?"

"ஆமாம், நல்ல விலை" என்றேன்.

காரில் வரும்போது டூல்மேக்கரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மெச்சுவார் என்று எதிர்பார்த்து. அவர் ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "அவன் கேட்ட விலைக்கு நீ வாங்கினது வியாபாரம். அதில் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அவன் உன்கிட்ட விலை சரியான்னு கேட்டானே, அந்த நிமிஷத்தில் நீ வாங்குகிறவன் இல்லை. இன்ஸ்பெக்டர். தப்பான அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டே."

தொழிலில் ஒரு தடவைகூட அப்படிச் செய்யாதவன் நான். அளந்தது ஒன்று, எழுதியது ஒன்று என்று என் பேரில் ஒரு ரிப்போர்ட் கிடையாது. அது சுருக்கென்று தைத்தது. அடுத்த மாதம் அதே கண்காட்சிக்குப் போய்த் தேடினேன். பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அவர் கிடைக்கவே இல்லை. அந்த ரிவால்வர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து நான் ஒரு தடவைகூடச் சுட்டது இல்லை. விற்கவும் மனசு வரவில்லை.

பன்னிரண்டு வருஷம் போனது. டூல்மேக்கர் காலமாகிவிட்டார். 2006-இல் பக்கத்துத் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் இறந்துபோனார். அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டார். மாமனார் வைத்திருந்த ரிவால்வர் ஒன்று மேஜை டிராயரில் கிடக்கிறது, கடைக்காரர் நானூறு டாலர் தருகிறேன் என்கிறார், அது என்ன விலை போகும் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். போனேன். ரப்பர் கைப்பிடி போட்ட பழைய .357. ஏதோ ஒரு 27 என்றுதான் நினைத்தேன். உருளையைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்தேன்.

'ரெஜ்'. பக்கத்தில் நாலு இலக்க எண்.

இருபது வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று மட்டும் பார்த்த பொருள். அந்த அம்மா சொன்னார்கள்: "கடைக்காரருக்குக் கொடுப்பதைவிட நீங்களே நானூறுக்கு எடுத்துக்கொள்ளுங்களேன். என் வீட்டுக்காரருக்கு உங்கள் மேல் மதிப்பு உண்டு." நான், "நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. என் மனைவிக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. ஆனாலும் என்னவென்று கேட்டாள். சொன்னேன். "அந்த அம்மா உங்களை விலை கேட்டாங்களா, வாங்கிக்கச் சொன்னாங்களா?" என்றாள். "ரெண்டும்தான்" என்றேன். "எதை முதல்ல கேட்டாங்க?" "விலையை." "அப்போ முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க. மிச்சத்தைக் காலையில பார்த்துக்கலாம்" என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

காலையில் போய்ச் சொன்னேன். அது என்ன, ஏன் அவ்வளவு மதிப்பு, எல்லாம். இனி நான் அதை எந்த விலைக்கும் வாங்க முடியாது என்றும் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. "நீங்கள் நியாயமான விலை கொடுத்தால் வாங்கலாமே" என்றார். "நியாயம் எதுன்னு நான்தானே உங்களுக்குச் சொல்லணும்? நானே சொல்லி நானே வாங்கினால் அந்தக் கணக்கை யார் சரிபார்ப்பது?" என்றேன்.

இருவருமாக வீட்டைத் தேடினோம். அசல் மரக் கைப்பிடி நிலவறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது, உள்ளே அதே எண்ணோடு. மாமனார் பெயர் போட்ட பதிவுச் சான்றிதழ் குடும்ப பைபிளுக்குள் மடித்து வைத்திருந்தது. கம்பெனியின் பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதித் தரும் கடிதத்துக்கு எழுதிப் போட்டோம். 1937-இல் அந்த ஊர் ஹார்டுவேர் கடைக்கு அனுப்பியது என்று பதில் வந்தது. மூன்றையும் சேர்த்து ஏலத்துக்கு அனுப்பினார். கடைக்காரர் சொன்னதைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் போனது. வீட்டுக் கூரையைப் புதிதாகப் போட்டுக்கொண்டார்.

எனக்கு என்ன கிடைத்தது? கழற்றிய ரப்பர் கைப்பிடி! "இதையாவது வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு விலை கிடையாது அல்லவா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். பத்து டாலர் பெறாது. என் எழுதுமேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பாதிப் பேர் நாளைக்கு இன்னொருவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதால்தான் சம்பளம் வாங்கப் போகிறீர்கள். பழைய இயந்திரமோ, நிலமோ, கம்பெனிப் பங்கோ, எதுவானாலும் ஒருவர் உங்களிடம் வந்து "இது என்ன பெறும்?" என்று கேட்பார். அப்போது இந்தக் கிழவன் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். விலை சொல்கிறவன் வாங்கக் கூடாது, வாங்குகிறவன் விலை சொல்லக் கூடாது. பாகத்தைச் செய்தவனே அதற்கு முத்திரை குத்தக் கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதேதான்.

இன்னொன்றைச் சொல்லாமல் இறங்கினால் தப்பாகிவிடும். நான் பேசியது கைவேலையைப் பற்றி. ஆனால் அந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை நான் மறந்தது இல்லை. அமெரிக்காவில் 2021-இல் மட்டும் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. பெரும்பாலும் வீட்டிலேயே இருந்த துப்பாக்கி. என் பையனுக்குப் பதினாறு வயதில் ஒரு கஷ்டமான வருஷம் வந்தது. அந்த வருஷம் முழுக்க எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியே, ஒரு உரிமம் பெற்ற வியாபாரியின் பெட்டகத்தில் வைத்திருந்தேன். வாடகை கொடுத்தேன். என் சேகரிப்பில் நான் செலவழித்த பணத்திலேயே உருப்படியானது அந்த வாடகைதான். இன்றும் இரும்புப் பெட்டகம் ஒரு அறையில், தோட்டா வேறு அறையில்.

எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது. இப்போது நாலே நாலு வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வேண்டாம். மனைவிக்கு வேண்டவே வேண்டாம். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எண், வாங்கிய தேதி, கொடுத்த விலை, என்ன குறை, இன்று என்ன பெறும், எல்லாம் உண்டு. பாலிஷ் போட்டுக் கெடுத்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். டிரிபிள் லாக் பக்கத்தில் மட்டும், அதை விற்று வரும் பணத்தை யாராவது ஒருவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்துவிடு என்று எழுதியிருக்கிறேன்.

முதல் பக்கத்தில், அவளுக்காகத் தமிழில், பெரிய எழுத்தில் ஒரே வரி: 'எவன் விலை சொல்கிறானோ, அவனுக்கு விற்காதே.'

இலை போட்டாச்சு என்று செயலாளர் கை காட்டுகிறார். வாருங்கள், போகலாம்.